வீக்கத்தை அடக்கலாமா, அதன் போக்கில் விடலாமா? அழற்சியும் புண் ஆறுவதும்

#1 ஏன்எதற்கு

சுளுக்கு இழையில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் ஐஸ் வை என்கிறார். இன்னொருவர் ஐஸ் வைத்தால் ஆறுவது தள்ளிப்போகும் என்கிறார். மூன்றாமவர் வீக்கத்துக்கு மாத்திரை போடு என்கிறார். அங்கே பேச்சு திசைமாறிப் போனதால் இங்கே தனி இழை.

என் கேள்வி இதுதான்: அடிபட்ட இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிப்பது, அதாவது அழற்சி, உடம்பு செய்கிற வேலையா, உடம்புக்கு வந்த கோளாறா? வேலை என்றால் அதை எதற்கு அடக்க வேண்டும்? கூடவே இன்னொன்று. புண்ணைக் காற்றாட விடுவதா, மூடி வைப்பதா?

#2 நுண்நோக்கி

வேலைதான். ஆனால் உரிய நேரத்தில் முடிந்தாக வேண்டிய வேலை. இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டுப் பேசுவதால்தான் பாதிச் சண்டை.

கத்தி பட்டு விரலில் தோல் பிளந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த நாளங்கள் முதல் சில நிமிடம் சுருங்குகின்றன. நாளச் சுவருக்கு வெளியே இருந்த கொலாஜன் என்ற புரத நார் இப்போது ரத்தத்தின் மேல் படுகிறது. அதில் தட்டணுக்கள் ஒட்டி, ஒன்றையொன்று கூப்பிட்டு அடைப்புப் போடுகின்றன. அதன்மேல் ஃபைப்ரின் இழைகள் வலை பின்னுகின்றன. தட்டணுவை வெறும் தக்கை என்று நினைக்காதீர்கள். தன் உள்ளறைகளில் வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை அது அங்கேயே கொட்டுகிறது. ரத்தம் கட்டும் இடத்திலிருந்துதான் பழுதுபார்ப்புக்கே முதல் ஆணை போகிறது.

அப்புறம் எல்லாம் தலைகீழ். திசுவில் காவல் நிற்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை அவிழ்த்துவிட, சுற்றியுள்ள நாளங்கள் விரிகின்றன. ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் சிவப்பும் சூடும். நுண்சிரைகளின் உட்சுவர் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி இடுக்கு விடுவதால் பிளாஸ்மா கசிந்து வீக்கம். பிராடிகைனின் என்ற இன்னொரு வேதிப்பொருள் நரம்பு முனையைக் குத்துகிறது. புரோஸ்டாகிளாண்டின் என்ற கொழுப்பு மூலக்கூறு அதே முனையின் உணர்ச்சியைக் கூர்தீட்டி விடுகிறது. லேசாகத் தொட்டாலே விண்ணென்று தெறிப்பது இதனால். இந்த நான்கு குறிகளையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்துவிட்டார். அந்த உறுப்பை இயக்க முடியாமல் போவது ஐந்தாவது குறியாகப் பிற்பாடு சேர்ந்தது.

இதற்குள் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் நாளச் சுவரோரம் உருண்டு, வேகம் குறைந்து, ஒட்டி, அந்த இடுக்கு வழியாக வெளியே நுழைந்திருக்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அவற்றின் கூட்டம் உச்சம். கிருமியை விழுங்கிவிட்டுத் தாமும் சாகும். அந்தப் பிணக்குவியல்தான் சீழ். இரண்டு நாளுக்கு மேல் மேக்ரோபேஜ்கள் என்ற பெரிய விழுங்கும் செல்களின் ராஜ்யம். செத்த நியூட்ரோபில்லை விழுங்கும் மேக்ரோபேஜுக்குக் குணமே மாறிவிடுகிறது. சண்டைக்கான சமிக்ஞையை நிறுத்திக் கட்டுமானத்துக்கான சமிக்ஞையை விடத் தொடங்குகிறது. ஆறுகிற புண்ணும் ஆறாத புண்ணும் பிரியும் முச்சந்தி இதுதான்.

1882இல் மெச்னிகோவ் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம்புழுவுக்குள் முள்ளைக் குத்திவைத்து மறுநாள் பார்த்தார். முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்தன. ரத்த நாளமே இல்லாத உயிரியில் இது நடந்ததுதான் விசேஷம். அழற்சியின் மையம் நாளமல்ல, விழுங்கும் செல் என்று அவர் வாதாட அது அடிப்படையானது. 1908இல் நோபல்.

#3 ஏன்எதற்கு

நன்றி நுண்நோக்கி அண்ணா. ஒரு சந்தேகம். வெட்டுக்காயத்தில் கிருமி நுழையும், படை வரும், சரி. சுளுக்கில் தோலே கிழியவில்லை, கிருமியே இல்லை. அங்கே எதற்குப் படை?

#4 நுண்நோக்கி

செல் உடைந்தாலே அபாயச் சங்குதான். உள்ளே இருக்க வேண்டிய ஏடிபி (செல்லின் எரிபொருள்), யூரிக் அமிலம், டிஎன்ஏவோடு ஒட்டியிருக்கும் புரதங்கள் எல்லாம் வெளியே சிதறினால், இங்கே ஏதோ இடிந்திருக்கிறது என்று காவல் செல்கள் புரிந்துகொள்ளும். இதில் வேடிக்கை, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா. அது ஆதியில் பாக்டீரியாவாக இருந்து செல்லுக்குள் குடியேறியது. இன்றும் அதன் புரதங்கள் பாக்டீரியா பாணியில் ஃபார்மைல் என்ற வேதித் தொப்பி போட்டுக்கொண்டுதான் தொடங்குகின்றன. செல் உடைந்து அது வெளியே வந்தால், நியூட்ரோபில் அதைக் கிருமி என்றே எண்ணி ஓடிவருகிறது. கிருமியே இல்லாத சுளுக்கும் கிருமி புகுந்த காயமும் முதல் நாளில் ஒரே மாதிரி தெரிவதற்கு இது ஒரு காரணம்.

#5 நடைவண்டி

ஐஸ் பிரச்சினைக்கு வருகிறேன். ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நால்வரைச் சூத்திரத்தை 1978இல் பிரபலமாக்கியவர் டாக்டர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் அவரே மாற்றிச் சொன்னார். இதை வைத்துக்கொண்டு இப்போது சிலர் ஐஸை விஷம்போலப் பேசுகிறார்கள். அதுவும் மிகை.

ஐஸ் வலியை மரக்கச் செய்யும். அதற்காக வையுங்கள், தவறில்லை. துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், முதல் ஓரிரு நாள். தோலில் நேரடியாக வைத்தால் குளிர்ப்புண் வரும். உணர்ச்சி குறைந்த காலில் வைக்கவே கூடாது. வீக்கத்தை ஐஸ் ‘வடித்துவிடும்’ என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். திசுக்களுக்கு இடையே தேங்கிய நீரையும் புரதத்தையும் திரும்ப எடுத்துப் போவது நிணநீர்க் குழாய்கள். கை காலில் அவற்றுக்குத் தசையின் அசைவு பெரிய உந்துதல். கணுக்கால் சுளுக்குக்கு நான் சொல்வது: எலாஸ்டிக் கட்டுத்துணியைக் கால்விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள், கீழே இறுக்கம் கூட, மேலே போகப் போகக் குறைய. விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். படுக்கும்போது கணுக்கால் இதயத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு தலையணை போதாது, இரண்டு வேண்டும். வலி பொறுக்கும் அளவில் விரலை மேலும் கீழும் ஆட்டி, முன்பாதத்தை வளைத்து நிமிர்த்துங்கள்.

பலர் செய்யும் தப்பு, இரண்டு வாரம் காலை அசைக்காமல் வைத்திருப்பது. கொலாஜன் நார் எந்தத் திசையில் இழுவிசை விழுகிறதோ அந்தத் திசையில்தான் ஒழுங்காக அடுக்கும். இழுவை இல்லாவிட்டால் தாறுமாறாக விழுந்து ஒட்டிக்கொள்ளும். மூட்டு விறைப்பதற்கும் ஆறு மாதத்தில் மறுபடி மடங்குவதற்கும் அது வழி.

ஒரு எச்சரிக்கை. அடிபட்ட பின் நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பு முனையின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தால், முதலில் எக்ஸ்ரே. சுளுக்கு என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள்.

#6 கத்திமுனை

மாத்திரைக்கு நான். 1971இல் ஜான் வேன், ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துகிறது என்று காட்டினார். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் அதே பாதையில்தான் கை வைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அழற்சியைத் தொடங்கிவைக்கும் அதே கொழுப்பு மூலக்கூற்றுக் குடும்பம்தான், கொஞ்ச நேரம் கழித்து ஆளை மாற்றி லிபாக்சின், ரிசால்வின் என்று நிறுத்தும் சமிக்ஞையையும் தருகிறது. அழற்சி தானாகத் தேய்ந்து அணைவதில்லை. அதை அணைப்பதும் ஒரு வேலை, அதற்கும் ஆள் வேண்டும்.

நடைமுறையில்: சுளுக்குக்கு மூன்று நான்கு நாள் போட்டால் பெரிய கேடு வந்துவிடாது. எலும்பு முறிவில்தான் அதிக அளவில், வாரக்கணக்கில் போடுவதற்கு யோசிப்போம். எலும்பு கூடுவதன் ஆரம்பத்துக்குப் புரோஸ்டாகிளாண்டின் தேவை. ஏற்கெனவே கூடாமல் நிற்கும் முறிவென்றால் நான் தவிர்ப்பேன். வலிக்கு மட்டும்தான் என்றால் பாராசிட்டமாலே முதல் தேர்வு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமைக்கான மருந்து, கர்ப்பத்தின் பின்பகுதி, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் அழற்சியை அடக்கும் மாத்திரை போடாதீர்கள்.

நிஜமாகவே புண் ஆறுவதை அமுக்குவது ஸ்டீராய்டு. நீண்டகாலம் எடுப்பவருக்கு மேக்ரோபேஜும் மந்தம், கொலாஜனும் குறைவு. அதற்காக அதைச் சட்டென்று நிறுத்துவது புண்ணைவிட ஆபத்து.

#7 கட்டுப்பஞ்சு

காற்றாட விடுவதா, மூடுவதா என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்களே.

மூடுங்கள். 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் சோதித்துக் காட்டிவிட்டார். ஈரம் காயாமல் பிலிம் போட்டு மூடிய மேலோட்டமான புண்ணில் மேல்தோல் ஏறக்குறைய இரட்டை வேகத்தில் படர்ந்தது. காரணம் எளிது. ஓரத்திலிருந்தும் மயிர்க்காலிலிருந்தும் நகர்ந்து வரும் மேல்தோல் செல் ஈரத்தில்தான் நடக்கும். பொருக்கு தட்டிவிட்டால் அதற்கு அடியில், ஈரம் இருக்கும் ஆழம்வரை இறங்கிச் சுரங்கம் தோண்டிப் போக வேண்டியிருக்கிறது.

சிறு வெட்டுக்கும் சிராய்ப்புக்கும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பதுதான் ரத்தம் நிற்காததற்கு முதல் காரணம். தூக்கும்போதெல்லாம் புதிய ஃபைப்ரின் கிழிகிறது. நின்றதும் குடிக்கத் தகுந்த ஓடும் நீரில் 5 நிமிடமாவது கழுவுங்கள், மண் இருந்தால் இன்னும் கூட. தெருவில் விழுந்த சிராய்ப்பில் பொடிமணல் தங்கினால் அதன்மேலேயே தோல் மூடி, பச்சை குத்தியதுபோலக் கறுப்பாக நின்றுவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் இரண்டும் புண்ணுக்குள் வேண்டாம். நுரைப்பதும் எரிவதும் பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் கிருமியோடு சேர்த்துக் கட்டுமான செல்லையும் அது கொல்கிறது. பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லப் பூசி, ஒட்டாத கட்டைப் போடுங்கள். நாளுக்கு ஒருமுறை, அல்லது நனைந்தால் அப்போதே மாற்றுங்கள்.

காஸ் துணி காய்ந்து ஒட்டிக்கொண்டால் சடாரென்று பிய்க்காதீர்கள். சலைன் (உப்புக் கரைசல்) ஊற்றி ஐந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிய்த்தால் நேற்று படர்ந்த தோலும் துணியோடு வரும். நேர்மாறாக, ஓரத்துத் தோல் வெளுத்து, நீரில் ஊறிய விரல்போலச் சுருங்கியிருந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். உறிஞ்சும் திறன் கூடிய கட்டுக்கு மாறுங்கள், அல்லது அடிக்கடி மாற்றுங்கள்.

வாய் பிளந்து நிற்கும் வெட்டு, அடியில் மஞ்சள் கொழுப்பு தெரியும் ஆழம், மூட்டின் மேல் வெட்டு, 10 நிமிட அழுத்தத்துக்குப் பிறகும் வழியும் ரத்தம், வெட்டுக்கு அப்பால் உணர்ச்சியோ அசைவோ இல்லாமை: வீட்டில் கட்டுப் போடும் விஷயம் இல்லை, உடனே தையலுக்குப் போங்கள். டெட்டனஸுக்கு, முழுத் தவணையும் போட்டவர்களுக்குப் பரவலான விதி: சுத்தமான சிறு காயமென்றால் கடைசி ஊசி 10 ஆண்டு ஆகியிருந்தால், அழுக்கான அல்லது ஆழமான காயமென்றால் 5 ஆண்டு ஆகியிருந்தால், ஊக்க ஊசி.

#8 ஏன்எதற்கு

அக்கா, கட்டைப் பிரித்தால் அடியில் செக்கச்செவேலென்று, தொட்டால் ரத்தம் வருகிற மாதிரி சதை இருக்கிறது. மேலே மஞ்சளாக ஏதோ படிந்திருக்கிறது. இது சீழ் பிடித்ததா?

#9 கட்டுப்பஞ்சு

பெரும்பாலும் இல்லை. ஈரமாக, மணிமணியாக, நல்ல சிவப்பாக இருக்கும் சதை ஆறுகிற சதை. ஒவ்வொரு மணிக்குள்ளும் புதிதாக முளைத்த தந்துகி வளைவு இருக்கிறது. அதன் சுவர் இன்னும் இளசு, அதனால் உரசினாலே ரத்தம் கசியும். நரம்பு இன்னும் வளராததால் அந்தச் சதையைத் தொட்டால் அவ்வளவாக வலிக்காது. வலி ஓரத்தில்தான். மாறாக, சதை மங்கிக் கருஞ்சிவப்பாகி, கொழகொழவென்று, தொடாமலே உதிர்ந்து நாறினால் கவலைப்படுங்கள். தோல் மட்டத்துக்கு மேலே சதை காளான் மாதிரி குவிந்தாலும் மேல்தோல் அதன்மேல் ஏறாது. அதை மருத்துவரிடம் காட்டி அடக்க வேண்டும்.

மஞ்சள் படிவம் எல்லாம் சீழ் இல்லை. ஃபைப்ரினும் செத்த திசுவும் சேர்ந்த ஏடு அது. வைக்கோல் நிறத்தில் நீர்த்துக் கசிவது ஊனீர், அது இயல்பு. கெட்டியாக, கலங்கலாக, நாற்றத்தோடு வருவதுதான் சீழ்.

புண்ணைச் சுற்றி முதல் இரண்டு நாள் மெல்லிய சிவப்பு விளிம்பு இருப்பது வழக்கம். சந்தேகமாக இருந்தால் சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிடுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் பேச்சே வேண்டாம், மருத்துவமனை. கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். புறங்கையால் தொட்டுச் சூடு எங்கே முடிகிறது, தோல் எங்கே கெட்டியாக இருக்கிறது என்று பார்த்துக் கோடு போடுங்கள். குறைந்துவந்த வலி மூன்றாம் நாளுக்கு மேல் ஏறினால், காய்ச்சல் வந்தால், சிவப்புக் கோடு மேல்நோக்கி ஓடினால், இடுப்பு மடிப்பிலோ அக்குளிலோ நெறி கட்டினால் தாமதிக்காதீர்கள். பார்ப்பதற்குப் புண் சாதாரணமாகத் தெரிந்தும் வலி மட்டும் உயிர் போகிறதென்றால் அது எல்லாவற்றையும்விட அவசரம். ஆழத்தில் திசு அழுகும் தொற்றின் முதல் குறி அப்படித்தான் இருக்கும்.

#10 கத்திமுனை

தையல் போட்டவர்களுக்கு ஒரு கணக்கு. முகத்தில் 3 முதல் 5 நாளில் பிரிப்போம், உச்சந்தலையில் 7 முதல் 10, உடம்பிலும் கை காலிலும் 10 முதல் 14. பிரித்துவிட்டோம், ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. முதல் வார முடிவில் அந்த இடத்தின் இழுவலிமை பழைய தோலில் ஏறக்குறைய 3 சதவீதம். மூன்று வாரத்தில் 20 முதல் 30. மூன்று மாதத்தில் 80. அதற்குமேல் ஏறுவதே இல்லை. வயிற்று அறுவைக்குப் பின் ஆறு வாரம் கனம் தூக்காதே என்று சொல்வது பயமுறுத்த அல்ல.

முதலில் அவசரத்துக்குப் போடப்படுவது மெல்லிய மூன்றாம் வகைக் கொலாஜன், சாரம் கட்டுவது மாதிரி. பிறகு மாதக்கணக்கில் அதைக் கலைத்துவிட்டு முதல் வகை வருகிறது, நார்களுக்கிடையே குறுக்குப் பிணைப்பு விழுகிறது. இந்தக் கலைப்பும் கட்டுமானமும் தழும்பில் எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. கொலாஜன் இழைகள் முறுக்கி நிற்க வைட்டமின் சி வேண்டும். அது தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று 1740இல் ஆன்சன் தலைமையில் புறப்பட்ட பிரிட்டிஷ் கப்பல் பயணம். 50 ஆண்டுக்கு முன் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் பட்டு, முழுக்க ஆறியிருந்த காயம் ஒரு மாலுமிக்கு ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோயில் மறுபடி வாய்திறந்தது. கலைப்பு நடந்தது, கட்டுவதற்குத்தான் சரக்கில்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரை மாத்திரையாக வைட்டமின் சி விழுங்காதீர்கள். குறைபாடு இல்லாதவருக்குக் கூடுதலாகப் போட்டு வேகம் கூடாது. பெரிய புண் உள்ளவருக்கு உண்மையில் விட்டுப்போவது புரதம். உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புகைப்பவர்களுக்கும் ஒரு வரி: நிகோடின் நாளத்தைச் சுருக்கும், கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். திட்டமிட்ட அறுவைக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

#11 பாதரட்சை

நுண்நோக்கி ஐயா #2இல் சொன்ன முச்சந்தியில் நின்றுபோன புண்களைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆறாப்புண்ணில் முதல் வாரத்து அழற்சி மாதக்கணக்கில் ஓடுகிறது. நியூட்ரோபில் வந்துகொண்டே இருக்கும். அதன் எலாஸ்டேஸும் மற்றப் புரதம் அறுக்கும் நொதிகளும் புதிதாகப் போட்ட கொலாஜனையும் வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்தே தின்றுவிடும். பாக்டீரியா பிசின்போலப் படலம் கட்டி உட்கார்ந்திருந்தால் மருந்தும் உள்ளே போகாது, அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

இந்தப் புண்ணுக்குக் களிம்பை மாற்றி மாற்றிப் பூசுவதில் பயனில்லை, ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கணுக்காலுக்கு உட்புறம் மேலே, சுற்றிலும் தோல் பழுப்பேறி இருந்தால் பெரும்பாலும் சிரைப்புண். அதற்கு மருந்து அழுத்தக் கட்டு, கணுக்காலில் 40 மி.மீ. பாதரச அளவு. ஆனால் கட்டுமுன் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள். 0.8க்குக் கீழே என்றால் முழு அழுத்தம் வேண்டாம், 0.5க்குக் கீழே என்றால் கட்டவே கூடாது, தமனி நிபுணரிடம் அனுப்புங்கள். நீரிழிவுக்காரருக்கு நாளம் சுண்ணாம்பு ஏறி அழுந்தாமல் நிற்பதால் இந்த விகிதம் பொய்யாக 1.3, 1.4 என்று காட்டும். அங்கே கால்விரல் அழுத்தம்தான் நம்பத்தக்கது.

உள்ளங்காலில் வலியில்லாத புண் என்றால் பெரும்பாலும் நீரிழிவு நரம்புக் கோளாறு. வலிக்காததால் அதன்மேலேயே நடக்கிறார். எத்தனை விலையுயர்ந்த கட்டுப் போட்டாலும் ஒவ்வொரு அடியும் அதை மிதித்துக் கலைக்கிறது. பாரத்தை அந்த இடத்திலிருந்து எடுக்கும் காலுறைக் கட்டோ காலணியோதான் முதல் சிகிச்சை. வாரம் ஒருமுறை நீளம், அகலம் அளந்து எழுதுங்கள். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால் சிகிச்சையை மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

கட்டுப்பஞ்சு அக்காவின் ஈர விதிக்கு ஒரு விலக்கு. ரத்தமே போகாமல் கறுத்து உலர்ந்த கால்விரலை ஈரக்கட்டில் ஊறவைக்காதீர்கள். உலர்ந்தபடி இருந்தால் அது நின்ற இடத்தில் நிற்கும். நனைந்தால் கிருமி ஏறி அழுகல் மேலே பரவும்.

#12 கட்டுப்பஞ்சு

ஒப்புக்கொள்கிறேன். விட்டுப்போனதைச் சேர்த்ததற்கு நன்றி.

#13 ஏன்எதற்கு

எலும்பு மட்டும் தழும்பில்லாமல் ஆறுகிறது என்கிறார்களே, ஏன்? அப்புறம் ஆறுகிற புண் அரிப்பதும், சிலருக்கு மட்டும் தழும்பு தடித்துப்போவதும் எதனால்?

#14 நுண்நோக்கி

தழும்பு என்பது அவசர ஒட்டு. பழைய திசுவை அப்படியே திரும்பக் கட்ட முடிந்தால் உடம்பு ஒட்டுப் போடாது. எலும்பில் ரத்தக்கட்டு, இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு போன்ற மென்கூட்டு, பிறகு கடினக் கூட்டு, அதன்பின் ஆண்டுக்கணக்கில் செதுக்கல் என்று போய் கடைசியில் எலும்பாகவே முடிகிறது. ஈரலும் வெட்டிய அளவுக்கு வளரும். வாய்க்குள் புண் வேகமாக, தழும்பு குறைவாக ஆறும். புற நரம்பு உறை அறுபடாமல் இருந்தால் நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளரும். மணிக்கட்டில் அடிபட்டால் விரல்நுனிக்கு உணர்ச்சி வர மாதங்கள் ஆவது இதனால். இதயத் தசைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, செத்த இடம் தழும்பாகவே நிற்கும். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்த நாளமே கிடையாது. அழற்சியே ஒழுங்காகத் தொடங்காத இடத்தில் ஆறுவது எங்கிருந்து வரும்?

#15 கத்திமுனை

அரிப்புக்கு ஹிஸ்டமினும், புதிதாக முளைக்கும் நரம்பு முனைகளும், காய்ந்த தோலும் காரணம். சொறியாமல் ஈரப்பசைக் களிம்பு பூசி உள்ளங்கையால் தட்டிக்கொடுங்கள். அரிப்போடு சிவப்பும் சூடும் கூடினால் அது வேறு கதை, ஒட்டுப்பிளாஸ்டரோ களிம்போ ஒவ்வாமல் போயிருக்கலாம்.

தடித்த தழும்பில் இரண்டு சாதி. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து, ஓரிரு ஆண்டில் தானாகவே தணிவது ஒன்று. எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் நண்டுக்கால் மாதிரி படர்வது கெலாய்டு. காது மடல், நெஞ்செலும்பு மேல், தோள் அதன் விருப்ப இடங்கள். குடும்பத்தில் இருந்தால் வாய்ப்புக் கூடும். கெலாய்டை வெட்டி எடுத்தால் போய்விடும் என்று நினைத்து வெட்டுவதுதான் பெரிய தவறு. வெட்டியது புதிய காயம், பழையதைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். தழும்புக்குள் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி முதல் வழி. வெட்டியே ஆக வேண்டுமென்றால் அதன்பின் ஊசியோ கதிர்வீச்சோ சேர்த்துத்தான். முன்கூட்டியே தடுக்க, தோல் முழுக்க மூடியபின் சிலிகோன் தகடு, நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம். திறந்த புண்ணில் ஒட்டாதீர்கள். தகட்டைத் தினமும் கழற்றிக் கழுவுங்கள், அடியில் வியர்வை தங்கினால் சொறி வரும். புதிய தழும்பில் வெயில் பட்டால் கறுத்து அப்படியே தங்கும், அதனால் முதல் ஆண்டு துணியாலோ சன்ஸ்கிரீனாலோ மறைத்தே வையுங்கள்.

#16 ஏன்எதற்கு

சிலிகோனை ஏற்கெனவே பொருக்கு விழாத இடத்தில் ஒட்டியவர் என்ன செய்வது?

#17 கட்டுப்பஞ்சு

மெதுவாகக் கழற்றி, கழுவி, #7இல் சொன்ன மாதிரி ஜெல்லியும் ஒட்டாத கட்டும். பொருக்கு தானாக விழுந்து, அடியில் இளஞ்சிவப்பாக, கசிவில்லாத தோல் தெரிந்த பிறகு மறுபடி தொடங்கலாம்.